மாடிக்கு ஏறாத வைஃபை

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் இருக்கிறோம். வீட்டின் கீழ்த்தளம் மாமனார் காலத்தில் கருங்கல்லில் கட்டியது. மாடியைப் பிற்பாடு நாங்கள் கான்கிரீட்டில் எழுப்பினோம். ஃபைபர் இணைப்பு, 100 எம்பிபிஎஸ் திட்டம். கூடத்தில் டிவி அலமாரிக்குள் நிறுவனத்தார் வைத்துவிட்டுப் போன வெள்ளைப் பெட்டி இருக்கிறது. அதிலிருந்து ஒரு வயர் பக்கத்து அறைக்குப் போகிறது. அங்கே இரும்பு பீரோவின் மேல், நாங்கள் முன்பே வாங்கியிருந்த கறுப்புப் பெட்டி இருக்கிறது. அதன் அட்டையில் '300 எம்பிபிஎஸ், 2.4 ஜிகாஹெர்ட்ஸ்' என்று போட்டிருந்தது. மகன் கூடத்தில் கம்ப்யூட்டரை வெள்ளைப் பெட்டியோடு வயரில் இணைத்திருக்கிறான். பெரிய கோப்பு எதை இறக்கினாலும் நொடிக்கு 11 எம்பிதான் காட்டுகிறது. 100 தருவதாகச் சொல்லி 11 தருகிறார்கள். பெங்களூர் நிறுவனத்தில் வேலை பார்க்கும் என் கணவர் மாடி அறையில் உட்கார்ந்து வேலை செய்கிறார். அங்கே போனில் சோதித்தால் 6, 8 என்றுதான் வருகிறது. மாலை மீட்டிங்கில் படம் உறைந்து குரல் விட்டுவிட்டுக் கேட்கிறது. 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறச் சொல்கிறார் இணைப்பு கொடுத்தவர். வைஃபை அலையை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் என்ற பெட்டியை வாங்கச் சொல்கிறார் மொபைல் கடைக்காரர். எதைச் செய்வது? மின்சாரம் போய் வந்தால் நெட் வரச் சில நிமிடங்கள் ஆவது ஏன்? இரவில் பெட்டிகளை அணைத்து வைக்கலாமா?

— காவேரிப்பட்டணம் வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டையும் இப்போது செய்ய வேண்டாம். மாதாமாதம் கூடுதலாகக் கட்டப்போகும் பணம் உங்கள் கணவரின் மேஜைக்கு வந்து சேராது. ரிப்பீட்டருக்குக் கொடுக்கும் பணமும் பாதி வீண்தான். காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. மகனின் கம்ப்யூட்டரில் தெரியும் அந்த 11-ஐ வைத்துத்தான் சொல்கிறேன்.

திட்டத்தில் சொல்லப்படும் 100 என்பது நொடிக்கு நூறு மெகாபிட். கோப்பை இறக்கும்போது கம்ப்யூட்டர் காட்டுவது மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆகவே 11-ஐ எட்டால் பெருக்குங்கள், 88 வரும். 100 எம்பிபிஎஸ் இணைப்பில் ஒரு கோப்பு அதிகபட்சம் 12.5 மெகாபைட் வேகத்தில்தான் இறங்க முடியும். கணக்கு வழக்குகளுக்கென்று வழியில் கொஞ்சம் கழிந்துபோகும். அதனால் 11, 11.5 என்று வருவது நல்ல இணைப்புக்கே உரிய எண். மகன் பார்த்த நேரத்தில் உங்களுக்கு வர வேண்டியது முழுவதும் வந்திருக்கிறது. நிறுவனத்தின் மேல் இந்த ஒரு விஷயத்தில் கோபப்பட வேண்டாம். இந்தக் குழப்பம் ஏராளமான வீடுகளில் சண்டையாகவே மாறியிருக்கிறது என்பதால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

கூடத்துக்கு 88 வருகிறது, மாடிக்கு 6 போகிறது. பெங்களூரிலிருந்து தேசிய நெடுஞ்சாலையில் தடையில்லாமல் வந்த பஸ், ஊருக்குள் திரும்பியதும் சந்தில் மாட்டிக்கொள்வதைப் போன்ற நிலைமை இது. நெடுஞ்சாலையை இன்னும் அகலமாக்கினால் சந்து அகலமாகாது. 300-க்கு மாறினால் மகனின் கம்ப்யூட்டர் வேகம் கூடலாம். மாடியில் அதே 6, 8 தான் இருக்கும்.

சந்து எங்கே இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன், பெட்டிகள் என்ன வேலை செய்கின்றன என்று தெரிந்துகொள்வது நல்லது. தலைமுடி அளவுக்கு மெல்லிய கண்ணாடி இழை வழியாக உங்கள் வீட்டுக்கு வருவது ஒளி. வெள்ளைப் பெட்டி அந்த ஒளியை மின்சமிக்ஞையாக மாற்றுகிறது. தொழில்காரர்கள் இதை ஓஎன்டி அல்லது ஓஎன்யு என்பார்கள், வீடுகளில் மோடம் என்றே சொல்கிறோம். வந்த ஒரே இணைப்பை வீட்டிலுள்ள எல்லாப் போன்களுக்கும் கம்ப்யூட்டருக்கும் டிவிக்கும் பங்கிட்டுக் கொடுப்பது ரவுட்டரின் வேலை. வயர் இல்லாமல் காற்றில் அனுப்புவது வைஃபை ரேடியோவின் வேலை. இப்போது தரப்படும் வெள்ளைப் பெட்டிகள் பெரும்பாலானவற்றில் இந்த மூன்றும் சேர்ந்தே இருக்கின்றன. உங்கள் கறுப்புப் பெட்டியில் பின்னிரண்டு மட்டுமே உண்டு. ஆக, உங்கள் வீட்டில் இரண்டு ரவுட்டர்கள் ஒன்றின் பின் ஒன்றாக ஒரே வேலையைச் செய்துகொண்டிருக்கலாம். அது பெரிய குற்றமில்லை, ஆனாலும் தேவையில்லாதது.

கறுப்புப் பெட்டியின் அட்டையில் போட்டிருந்த 300 என்ற எண்ணை நம்ப வேண்டாம். அது காற்றில், எதிரே அதே அளவு திறமுள்ள கருவி இருந்து, அலைவரிசை முழுக்கக் காலியாக இருந்தால் எட்டக்கூடிய உச்சக் கணக்கு. இந்த வகைப் பெட்டிகளின் வயர் துளைகள் பெரும்பாலும் 100 எம்பிபிஎஸ் அளவிலானவை. அது 300-ஐ எப்படித் தரும்? உங்கள் கணவரின் போனையும் கவனியுங்கள். ஒரே ஆன்டெனா உள்ள பழைய போன், 2.4 ஜிகாஹெர்ட்ஸில் வழக்கமான அகலத்தில் இணைந்தால், காகிதக் கணக்குப்படியே 72 எம்பிபிஎஸ்தான். கையில் கிடைப்பது 40, 50. ரவுட்டருக்குப் பக்கத்திலேயே நின்று சோதித்தாலும் அந்தப் போன் 100 காட்டாது. வைஃபையில் போனை வைத்துச் சோதித்து நிறுவனத்தோடு வாதாடினால் நியாயம் உங்கள் பக்கம் நிற்காது.

எனவே முதலில் அளந்துவிடுங்கள். மகனின் கம்ப்யூட்டரில் வயர் மாட்டியபடியே, மற்றக் கருவிகளின் வைஃபையை அணைத்துவிட்டு, ஏதேனும் ஒரு வேகச் சோதனைத் தளத்தில் சோதியுங்கள். காலை ஆறு மணிக்கு ஒருமுறை, பிற்பகலில் ஒருமுறை, இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறை. ஒவ்வொரு முறையும் இறக்கும் வேகம், ஏற்றும் வேகம், 'பிங்' எனப்படும் மறுமொழி நேரம் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் தேதியோடு எழுதிவையுங்கள். மூன்று வேளையும் 90-ஐ ஒட்டி வந்தால் வெளியிலிருந்து வரும் லைனில் குறையில்லை. காலையில் 90, இரவில் 30 என்றால் கதை வேறு. ஒரே இழையின் ஒளியை வழியில் ஸ்ப்ளிட்டர் வைத்து 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிப்பது வழக்கம். அவர்களுக்கெல்லாம் சேர்த்து இறங்கும் பாதையின் மொத்தக் கொள்ளளவு, பரவலாக உள்ள ஜிபான் முறையில், ஏறத்தாழ 2,500 எம்பிபிஎஸ். இதுவே பெரும்பாலும் போதும். அதற்கு மேலே நிறுவனம் வாங்கி வைத்திருக்கும் கொள்ளளவு குறைவாக இருந்தால்தான் இரவில் எல்லாரும் படம் பார்க்கும் நேரத்தில் நெரிசல் வரும். அதைத் தீர்ப்பது அவர்கள் பொறுப்பு, உங்கள் தாள் அப்போது ஆதாரமாகும். மாதக் கடைசியில் மட்டும் வேகம் விழுகிறதென்றால் டேட்டா வரம்பைத் தாண்டிவிட்டீர்களா என்று கணக்கில் பாருங்கள்.

இனி வீட்டுக்குள் வருவோம். உங்கள் சிக்கலில் பெரும்பங்கு இங்கேதான்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கல்லுக்குப் பஞ்சமில்லை. நம் பக்கத்துப் பழைய வீடுகளின் சுவர் ஒன்றரை அடி கனத்தில் திடமாக நிற்கும், வெயில் காலத்தில் உள்ளே குளுகுளுவென்று இருக்கும். அந்தச் சுவர்தான் வைஃபையை விழுங்குகிறது. மெல்லிய செங்கல் தடுப்பைத் தாண்டிவிடும் அலை, ஒன்றரை அடிக் கருங்கல்லைத் தாண்டும்போது பெரும்பகுதியை இழந்துவிடுகிறது. அதற்கு மேல் கம்பி கட்டிப் போட்ட கான்கிரீட் தளம். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலை ஓரளவு ஊடுருவும், ஆனால் மெதுவானது, அக்கம்பக்கத்து வீடுகளின் அலைகளோடு முட்டிக்கொள்ளும். 5 ஜிகாஹெர்ட்ஸ் வேகமானது, நெரிசல் குறைந்தது, ஆனால் ஒரு கல் சுவரிலேயே களைத்துவிடும்.

இந்த நிலையில் வெள்ளைப் பெட்டி மர அலமாரிக்குள், டிவியின் பின்புறம் இருக்கிறது. டிவியின் பின்பக்க உலோகத் தகடு அலையை மறைக்கும், மூடிய அலமாரியில் பெட்டி சூடாகும். கறுப்புப் பெட்டி இரும்பு பீரோவின் மேல். இரும்பு அலையைத் திருப்பி அடிக்கும், பீரோவுக்குக் கீழும் பின்னும் இருக்கும் இடம் நிழலாகிவிடும். மாடி அறை அந்த அறைக்கு நேர் மேலே என்றால் இன்னொரு விஷயமும் உண்டு. குச்சி ஆன்டெனா தன் பக்கவாட்டில்தான் நன்றாகப் பரப்பும், நுனி காட்டும் திசையில் மிகக் குறைவாகவே போகும். பெட்டியின் இரண்டு ஆன்டெனாவும் செங்குத்தாக நின்றால் நேர் மேலே இருப்பவருக்குக் கிடைப்பது சொற்பம். ஒன்றைப் படுக்கையாகச் சாய்த்துப் பாருங்கள், ஒரு பைசா செலவில்லை.

ரிப்பீட்டர் ஏன் வேண்டாம் என்றேன்? அது தனக்குக் கிடைத்ததைத்தான் திருப்பி அனுப்பும். மாடி அறையில் மாட்டினால் அங்கே வந்து சேரும் 6-ஐ வாங்கித்தான் கொடுக்கும். அதிலும் ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே கொடுக்கும் மலிவான ரிப்பீட்டர்கள் வேகத்தைப் பாதியாக்கிவிடும். ஏனென்றால் ஒரே நேரத்தில் கேட்கவும் பேசவும் அவற்றால் முடியாது. போனில் நான்கு கோடும் நிறைந்து தெரியும், வேகம் இருக்காது. இதனால் ஏமாந்து மறுபடி மறுபடி பெட்டி வாங்குகிறவர்களைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது.

உங்கள் வீட்டுக்கு என் யோசனை: வெள்ளைப் பெட்டியிலிருந்து மாடிக்கு ஒரு லேன் வயர் இழுங்கள், மகனின் கம்ப்யூட்டரில் மாட்டியிருக்கும் அதே வகை வயர்தான். கல் சுவரும் கான்கிரீட்டும் வயரை ஒன்றும் செய்யாது. 100 மீட்டர் நீளம் வரை வேகம் குறையாது, உங்களுக்கு 20 மீட்டர் போதுமானதாக இருக்கலாம். அதன் மறுமுனையில் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம், அந்தக் கறுப்புப் பெட்டியையே பீரோ மேலிருந்து எடுத்துக் கொண்டுபோய் மாடி அறையில் வையுங்கள். அது பழையதுதான். ஆனால் அதே அறையில் இருந்தால் 40 எம்பிபிஎஸ்ஸாவது தரும். வீடியோ மீட்டிங் ஒன்றுக்கு 4 எம்பிபிஎஸ் போதும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கணவரின் மடிக்கணினியில் வயர் துளை இருந்தால் கறுப்புப் பெட்டியின் லேன் துளையிலிருந்து அதற்கும் ஒரு சிறு வயர் போட்டுவிடுங்கள். மீட்டிங்குக்கு அதைவிட உறுதியான வழி இல்லை.

வயர் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 'கேட் 6' என்று கேளுங்கள், முழுச் செம்பா என்றும் கேளுங்கள். அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சுப் போட்டதும் அதே பெயரில் கடைகளில் கிடைக்கிறது. ஒரு முனையில் உறையை உரித்து கம்பியைக் கத்தியால் சுரண்டச் சொல்லுங்கள். உள்ளே வெள்ளியாக மின்னினால் அது அலுமினியம், விட்டுவிடுங்கள். சுவருக்கு வெளியே கொண்டுபோவதாக இருந்தால் வெயில் தாங்கும் கறுப்பு உறை உள்ளதாக வாங்குங்கள். நம் ஊர் வெயிலில் சாதாரண உறை நொறுங்கிவிடும். மின்சார வயர் போகும் குழாயிலேயே இதையும் திணிக்க விடாதீர்கள். எலக்ட்ரீஷியன் 'ஒன்றும் ஆகாது' என்று சொல்வார், இருந்தாலும் வேண்டாம். 230 வோல்ட் கம்பியின் உறை எங்காவது உரிந்தால் அது உங்கள் கணவரின் மடிக்கணினி வரை வந்து சேரும். தனியாகப் பிளாஸ்டிக் பட்டை அடித்துக்கொண்டுபோகச் சொல்லுங்கள்.

மாடியில் வைத்தபின் கறுப்புப் பெட்டியின் அமைப்பை மாற்ற வேண்டும், மகனே செய்துவிடுவான். வயரை அதன் நீல அல்லது தனித்து நிற்கும் 'வான்' (WAN) துளையில் மாட்டாமல், 'லேன்' (LAN) துளைகளில் ஒன்றில் மாட்ட வேண்டும். அதன் அமைப்புப் பக்கத்தில் கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் டிஎச்சிபி (DHCP) என்பதை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பெட்டிகளும் ஆளுக்கொரு முகவரி கொடுத்து வீடே குழம்பிப்போகும். வெள்ளைப் பெட்டியின் முகவரி 192.168.1.1 என்றால் கறுப்புப் பெட்டிக்கு 192.168.1.2 என்று வைக்கலாம். 2.4 ஜிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11. கீழே 1 என்றால் மேலே 6 அல்லது 11 வையுங்கள். வேலை முடிந்தபின் மாடியில் ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

கீழே வெள்ளைப் பெட்டியை அலமாரியிலிருந்து வெளியே எடுத்து, முடிந்தால் மாடிப்படி தொடங்கும் இடத்துக்கு அருகில், தோள் உயரத்தில் வையுங்கள். படிக்கட்டின் திறப்பு வழியாக அலை மேலே ஏறும். போனில் வைஃபை பட்டியலைத் திறந்து பாருங்கள். உங்கள் பெயரோடு '5ஜி' என்று ஒட்டிய இன்னொரு பெயர் தெரிந்தால் வெள்ளைப் பெட்டியில் 5 ஜிகாஹெர்ட்ஸ் இருக்கிறது. கூடத்தில் டிவிக்கும் போனுக்கும் அதைக் கொடுங்கள். மொபைல் போனின் 5ஜி வேறு, இது வேறு.

பெட்டியை நகர்த்தும்போது இழைக் கேபிளை நீங்களே இழுக்க வேண்டாம், லைன்மேனை வரவழையுங்கள். கண்ணாடி இழை கூர்மையாக மடங்கினால் ஒளி வெளியே கசிந்துவிடும். அலமாரியின் பின்பலகைக்கும் சுவருக்கும் நடுவில் நசுங்கிக் கிடக்கும் கேபிளால் வேகம் குறைந்த வீடுகள் நிறைய உண்டு. மிச்சக் கேபிளை ஒரு சாண் அகலமாவது இருக்கும்படி வளையமாகச் சுற்றி வைக்கச் சொல்லுங்கள். வந்தவரிடம் ஒளி அளவைக் காட்டச் சொல்லுங்கள், மீட்டரிலோ பெட்டியின் அமைப்புப் பக்கத்திலோ அது தெரியும். மைனஸ் 18 முதல் மைனஸ் 24 வரை இருந்தால் நல்லது. மைனஸ் 27-ஐத் தொட்டால் விளிம்பில் நிற்கிறது என்று பொருள், மழையிலோ காற்றிலோ அறுந்து அறுந்து வரும். அந்த எண்ணையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பெட்டியில் 'லாஸ்' (LOS) என்ற விளக்கு சிவப்பாக மின்னினால் ஒளியே வரவில்லை, அப்போது ரவுட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. கழற்றிய இழையின் முனையைக் கண்ணுக்கு நேரே யாரும் பிடித்துப் பார்க்கக் கூடாது. உள்ளே வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி. பிள்ளைகளிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்.

மாலை மீட்டிங்கில் குரல் விட்டுவிட்டுக் கேட்பதற்கு மாடியின் பலவீனமான அலை முதல் காரணம். இன்னொன்றும் இருக்கலாம். பகலெல்லாம் வெளியே இருந்த போன்கள் மாலையில் வீட்டுக்கு வந்து வைஃபையில் இணைந்ததும், அன்றைக்கு எடுத்த படங்களையும் வீடியோக்களையும் தாமாகவே இணையத்திலுள்ள மேகச் சேமிப்பில் ஏற்றத் தொடங்கிவிடும். ஏற்றும் பாதை நிரம்பினால் உங்கள் கணவரின் குரல் அந்த வரிசையில் காத்து நிற்கும். வேகச் சோதனையில் இறக்கும் வேகம் நன்றாகவே இருக்கும், பிங் மட்டும் 10, 15 மில்லிநொடியிலிருந்து பல நூறுக்குத் தாவியிருக்கும். இதைப் பிடிக்க எளிய வழி உண்டு. மீட்டிங் தடுமாறும் நேரத்தில் மற்ற எல்லாருடைய போனிலும் வைஃபையை ஐந்து நிமிடம் அணைத்துப் பாருங்கள். குரல் சரியானால் காரணம் இதுதான். போன்கள் இப்படிப் படங்களை ஏற்றும் படக் காப்பை (பேக்அப்) இரவுக்கு மாற்றிவிடுங்கள். கண்காணிப்புக் கேமரா இருந்தால் அதன் பதிவும் வெளியே ஏறிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள்.

இவ்வளவும் செய்தபின், வயரில் சோதித்தும் இரவு வேகம் பாதிக்குக் கீழே போனால், நிறுவனத்தின் புகார் மையத்தில் புகார் பதிந்து புகார் எண்ணை வாங்குங்கள். லைன்மேனின் போனுக்கு மட்டும் பேசி விட்டுவிடாதீர்கள், அது எங்கும் பதிவாகாது. தீர்வு திருப்தியில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012-இல் கொண்டுவந்த விதிகள் இந்த இரண்டு அடுக்கையும் கட்டாயமாக்கியிருக்கின்றன. உங்கள் தாளில் இருக்கும் தேதி, நேரம், மூன்று எண்கள், ஒளி அளவு எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புங்கள். 'நெட் ஸ்லோ' என்று வரும் புகாருக்கும் இதற்கும் கிடைக்கும் கவனம் ஒன்றாக இருக்காது.

மின்சாரம் வந்ததும் நெட் வரச் சில நிமிடங்கள் ஆவது இயல்பு. பெட்டி விழித்து, ஒளியைப் பிடித்து, நிறுவனத்தின் அலுவலகத்தில் தன்னைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஆனால் மீட்டிங் நடுவில் அப்படி ஆகாமல் இருக்க, ரவுட்டருக்கென்றே விற்கும் சிறிய யுபிஎஸ் போதும். அடாப்டரின் மேல் எழுதியிருக்கும் வோல்ட்டும் யுபிஎஸ் தரும் வோல்ட்டும் ஒன்றாக இருக்க வேண்டும், பெரும்பாலும் 12. ஆம்பியர் அடாப்டரில் உள்ளதற்குக் குறையக் கூடாது, கூடினால் பரவாயில்லை. மாடிப் பெட்டிக்கும் ஒன்று வேண்டும், கீழே மட்டும் வைத்தால் போதாது. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் இரண்டு பெட்டிகளின் பிளக்கையும் அந்த இணைப்பில் மாற்றிவிடச் சொல்லுங்கள், யுபிஎஸ்ஸே தேவைப்படாமல் போகலாம்.

இரவில் அணைத்து வைப்பதால் பெட்டிக்குக் கெடுதல் இல்லை. படக் காப்பை இரவுக்கு மாற்றினால் மட்டும் அணைக்காதீர்கள். கோடையில் இடி மின்னல் வரும்போல் இருந்தால், அது தொடங்கும் முன்பே இரண்டு பெட்டிகளின் அடாப்டரையும் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள், சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் மின்சார லைன் வழியாகவும், வீட்டுக்கு வெளியே போட்ட லேன் வயர் வழியாகவும் அதிர்ச்சி உள்ளே வரலாம். அதனால் மாடிக்குப் போகும் லேன் வயரைக் கீழ் முனையிலும் கழற்றி வைத்துவிட்டு, மழை விட்ட பின் மாட்டிக்கொள்ளுங்கள்.